புறத்தார்க்கு மூன்று நிமிடம்

(பத்தாம் ஆண்டு விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'வாரியம்' என்னும் சொல் இன்று மின்சாரத்தோடும் வீட்டு வசதியோடும் சேர்ந்தே பெரும்பாலும் காதில் விழுகிறது. அச்சொல்லுக்கு வயது ஆயிரத்தைக் கடந்துவிட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பல வாரியங்களைக் குறிக்கின்றன. அவ்வாரியங்களில் அமரத் தக்கவர் யார் என்பதை வரையறுப்பதில் அக்கல்வெட்டுகள் காட்டும் நுணுக்கம் வியப்புக்குரியது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். பின்னைய கல்வெட்டின்படி வயது 35க்கு மேற்பட்டு 70க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். மறை கற்றிருத்தல் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆகார். இவ்வளவும் தேறியவர் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டுச் சிறுவன் ஒருவன் கையால் எடுக்கப்பெற்றன. உள்ளே செல்வோர்க்கு இத்தனை வாயில்கள் வைத்த அக்கல்வெட்டுகளில், வெளியே நிற்கும் ஒருவன் வாரியத்தார் முன் வந்து தன் வயலுக்கு நீர் எட்டவில்லை என்று சொல்ல விரும்பினால் எப்பொழுது சொல்லலாம், எவ்வளவு நேரம் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இதற்கும் ஒரு நூற்றாண்டு முற்பட்டது, திருநெல்வேலியை அடுத்த மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து எழுந்த கல்வெட்டு. அங்குச் சபையில் கலந்துகொள்ளும் தகுதி பேசப்பட்டபின் இன்னொன்றும் பேசப்படுகிறது. எடுத்த பொருளுக்கெல்லாம் 'அன்று, அன்று' என்று மறுத்து நின்று சபையின் செயலை முடக்குவோர்க்கும், அவர்க்குத் துணை நிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம். உறுப்பினன் நாவையே காசால் கட்டவேண்டிய நிலை அன்றே இருந்தது. எவர் உள்ளே வரலாம் என்பது முதற் கேள்வி. உள்ளே வந்தவர் எதைச் சொல்லலாகாது என்பது இரண்டாம் கேள்வி. உள்ளே இடம் இல்லாதவர்க்குப் பேச இடம் உண்டா என்னும் மூன்றாம் கேள்வி, கல்லில் எழுதப்படாமலே நின்றுவிட்டது. இவ்வுரை அந்த மூன்றாம் கேள்வியைப் பற்றியது.

இலக்கிய வட்டத்திற்கு இதனால் என்ன என்று எண்ணுவோர் இருக்கலாம். இலக்கிய வட்டத்தின் செயற்குழுவும் ஒரு வாரியமே. எந்தத் தொகுதி அச்சேற வேண்டும், எவர்க்குப் பரிசு, எந்தக் கவிஞரை மேடைக்கு அழைப்பது, ஆண்டு மலரில் எவர் கவிதை நிற்கும், எவர் கவிதை திரும்பும் என்பனவற்றை அறைக்குள் அமர்ந்த ஏழெட்டுப் பேர் முடிவு செய்கின்றனர். அம்முடிவால் மகிழ்வோரும் வருந்துவோரும் பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கின்றனர். சந்தா கட்டாத இளங்கவிஞர், நூல் வாங்கிப் படிக்கும் வாசகர், பாக்கிக்காகக் காத்திருக்கும் அச்சகத்தார், இலவசமாக மன்றம் தரும் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிய இவர்கள் எவரும் உறுப்பினர் அல்லர். ஆயினும் இவர்களுக்கு அக்குழுவிடம் சொல்லச் செய்தி உண்டு.

உறுப்பினர் அல்லாதார் பேசுதற்கான விதியை வேறெங்கும் காணாத அளவுக்கு விரித்து எழுதியவர்களும், அவ்விதிக்காக நீதிமன்றப் படியேறி வழக்காடியவர்களும் அமெரிக்க நாட்டவர். அங்கும் தொடக்கம் எளிதாக இல்லை. 1863ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்குமாறு ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் படைத்துறைப் பொறியாளர் கேட்டுக்கொள்ளப்பட்டார். கூட்டம் நடத்தும் முறை அவருக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது 1876இல் அவர் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூல். இன்றளவும் அந்நாட்டுச் சங்கங்கள் பலவற்றுக்கு அதுவே இலக்கணம். அந்நூலின் வழிவந்த மரபில் கூட்டம் என்பது உறுப்பினர் உடைமை. உறுப்பினர் ஒருவர் ஒரு பொருளின்மேல் ஒரே நாளில் இருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பேசலாம். உறுப்பினர் அல்லாதவர்க்கு விவாதத்தில் பேசும் உரிமை இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்து விதியைத் தற்காலிகமாக நீக்கினால் மட்டுமே வாய் திறக்கலாம். தன் வீட்டுக் கூடத்தில் கூடும் தனியார் சங்கத்திற்கு இது பொருந்தும் நியதி. வரி வாங்கும் வாரியத்திற்கு இது போதுமா என்பதுதான் பின்னர் எழுந்த வழக்கு.

அங்கே ஊர்தோறும் பள்ளிகளை ஆள்வது தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒரு சிறு பள்ளி வாரியம். பாடநூல், ஆசிரியர் ஊதியம், எந்தப் பள்ளியை மூடுவது, எந்தப் பேருந்துத் தடத்தை நிறுத்துவது என அனைத்தும் அதன் கையில். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1971 டிசம்பரில் இத்தகைய வாரியத்தின் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தது. ஆசிரியர் சங்கத்திற்கும் வாரியத்திற்கும் அப்போது ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சங்கத்தில் சேராத ஆசிரியரும் சங்கத்திற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. கூட்டத்தில் சங்கத் தலைவர் பேசினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தையும் அளித்தார். பின்னர்ச் சங்கத்தில் சேராத ஆசிரியர் ஒருவர் எழுந்தார். அந்தக் கோரிக்கையை எல்லோரும் அறியும்படி நடுநிலைக் குழு ஒன்று ஆராயும்வரை ஒத்திவைக்குமாறு கேட்டார். பேசியது ஏறத்தாழ இரண்டரை நிமிடம். வாரியத்தார் ஒருவர், 'உங்கள் விண்ணப்பத்தைத் தருவீர்களா?' என்று கேட்டார். அவர் தருவதாகச் சொல்லி அமர்ந்தார். அவ்வளவே.

பின்னர்க் கையொப்பமான ஒப்பந்தத்தில் அந்தக் கட்டாயப் பண விதி இடம்பெறவில்லை. சங்கம் சினம் கொண்டது. சங்கம் ஒன்றே ஆசிரியர்களின் பேராளர் என்று சட்டம் சொல்ல, சங்கத்தில் இல்லாத ஒருவரைப் பேசவிட்டது வாரியம் அவரோடு பேரம் பேசியதற்கு ஒப்பாகும் என்பது சங்கத்தின் முறையீடு. மாநிலத் தொழிலுறவு ஆணையம் சங்கத்தின் பக்கம் நின்றது. மாநில உச்ச நீதிமன்றமும் நின்றது. 1976 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. அவர் பேரம் பேசவில்லை, எதற்கும் கட்டுப்படுத்தும் உரிமையும் அவர்க்கில்லை, குடிமக்கள் பேசுதற்கென்று வாரியம் தானே திறந்த கூட்டத்தில் தன் கருத்தைச் சொன்னார் என்பது நீதிபதிகள் கண்ட முடிவு. கதவைப் பொதுமக்களுக்குத் திறந்த வாரியம், இன்ன சங்கத்தான் பேசலாம், இன்னான் பேசலாகாது என்று ஆளைப் பார்த்துப் பிரித்தல் ஆகாது. இரண்டரை நிமிடப் பேச்சுக்கு ஐந்தாண்டு வழக்கு.

இத்தீர்ப்பைச் சொல்வோர் பலர் இதற்கு எட்டாண்டு கழித்து வந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவர். மினசோட்டா மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளில் நிர்வாகத்தார் கல்லூரிக் கொள்கை பற்றி ஆசிரியர் சங்கப் பேராளரை மட்டும் அழைத்துக் கலந்துரையாடினர். சங்கத்தில் சேராத ஆசிரியர்கள், 'எங்களுக்கும் அவ்வறையில் இடம் வேண்டும்' என்று வழக்கிட்டனர். 1984இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அக்கலந்துரையாடல் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் அன்று. பேசும் உரிமை உண்டென்பதால் அரசைக் கேட்கச் செய்யும் உரிமை அரசியலமைப்பில் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லை தெளிவாகிறது. திறந்த கதவில் ஆள் பார்த்து மறித்தல் கூடாது. மூடிய கதவைத் திறக்கச் சொல்ல நீதிமன்றம் வராது. ஆகவே கதவைத் திறப்பதற்கு வேறொரு கை வேண்டும். அக்கை சட்டமன்றத்தின் கை.

கலிஃபோர்னியா மாநிலத்தில் அது நடந்தது. 1952இல் சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, ஊராட்சி மன்றங்களும் வாரியங்களும் சட்டத்தை ஏய்த்துக் கமுக்கமாகக் கூடுவதைத் தொடர் கட்டுரைகளால் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. அதன் விளைவாக 1953இல் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் பெயரால் வழங்கும் திறந்த கூட்டச் சட்டம் பிறந்தது. எனினும் அச்சட்டம் முதலில் திறந்தது கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே. குடிமகன் வந்து அமர்ந்து பார்க்கலாம், கேட்கலாம். வாய்க்கு உரிமை 1986இல்தான் எழுத்தில் ஏறியது. பார்வையாளனாகிய குடிமகன் பேச்சாளன் ஆவதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

அச்சட்டத்தின் உட்பொருள் கவனிக்கத் தக்கது. வழக்கமான கூட்டத்திற்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரல் ஒட்டப்படவேண்டும். நிரலில் உள்ள பொருள் பற்றிப் புறத்தார் பேசுவது, வாரியம் அப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுத்துக்கொண்டிருக்கும் பொழுதோ நிகழவேண்டும். இவ்விதியின் அருமை பெரிது. வாக்கெடுத்து முடித்தபின், 'வந்திருப்போர் ஏதேனும் சொல்ல விரும்பினால் சொல்லலாம்' என்று நன்றியுரைக்கு முன் ஒதுக்கும் ஐந்து நிமிடத்தை அச்சட்டம் பேச்சாகவே கொள்ளவில்லை. நிரலில் இல்லாத பொருளாயினும் வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாயின் வழக்கமான கூட்டத்தில் அதையும் பேசலாம். மொத்த நேரத்துக்கும், ஆளுக்கு இவ்வளவு என்பதற்கும் வாரியம் அளவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரியத்தின் கொள்கையையும் நடைமுறையையும் பணியையும் குறை கூறுவதைத் தடுத்தல் கூடாது.

மூன்று நிமிடம் என்பது சட்டத்தில் எழுதிய எண் அன்று; வழக்கத்தில் நிலைத்த எண். வாயிலில் ஒரு சீட்டு. பேச விரும்புவோர் பொருளின் எண்ணை அதில் குறித்துச் செயலரிடம் தருவர். பெயர் அழைக்கப்படும், ஒலிவாங்கி முன் நின்று பேசுவர், பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. கூட்டம் பெருகிய நாளில் மூன்று நிமிடம் இரண்டாகும், ஒன்றாகும். எல்லோர்க்கும் ஒன்றாகக் குறைந்தால் அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஒரு பக்கத்தார் பேசும்வரை மூன்றாக இருந்தது மறுபக்கத்தார் முறை வந்ததும் ஒன்றானால், அங்கே குறைந்தது நேரம் மட்டும் அன்று.

2016இல் இச்சட்டத்தில் ஒரு சிறு பிரிவு சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுவோர்க்குக் குறைந்தது இருமடங்கு நேரம் தரவேண்டும். உடனுக்குடன் காதில் மொழிபெயர்க்கும் கருவி இருந்தால் அது தேவையில்லை. மொழியைத் தொழிலாகக் கொண்டோர் இப்பிரிவின் அருமையை எளிதில் உணர்வர். இரண்டு மொழிகளில் சொல்லப்பட வேண்டிய ஒரு துயரத்தை ஒரு மொழிக்குரிய நேரத்தில் அடக்கச் சொன்னால், பாதித் துயரமே அவையை எட்டும்.

இனி, விதி எழுதுவோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடத்திற்கு வரலாம். அது நேரத்தைப் பற்றியது அன்று, சொல்லைப் பற்றியது. 'பண்போடு பேசுக, எவரையும் புண்படுத்தற்க' என்னும் விதியை எதிர்க்க எவருக்கும் மனம் வராது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஆட்சிக்குழு அத்தகைய விதியை வைத்திருந்தது. அம்மாநிலச் சட்டம் கலிஃபோர்னியாவுக்கு மறுதலை. தலைவர் இசைவின்றி எவரும் பேசலாகாது என்பது அங்கே சட்டம். எனினும் அக்குழு புறத்தார் பேச்சுக்கு நேரம் ஒதுக்கியிருந்தது. 2018 டிசம்பரில் ஊரில் நெடுங்காலம் வாழும் பெண்மணி ஒருவர் எழுந்து, வரவு செலவுத் திட்டம் பற்றியும், ஆட்சிக்குழு திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாக முன்னரே கண்டறியப்பட்டது பற்றியும் கடிந்து பேசினார். தலைவர் இடைமறித்தார். பேச்சு முற்றியது, பெண்மணி தலைவரை ஹிட்லர் என்றார். தலைவர் கூட்டத்தை நிறுத்தி, அவரைக் காவலரால் வெளியேற்றுவதாக அச்சுறுத்தினார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 மார்ச்சில் அந்நீதிமன்றம் பண்பு விதி செல்லாது என்றது. குறை தீர்க்கக் கூடி முறையிடும் உரிமையை 1780ஆம் ஆண்டின் அம்மாநில அரசியலமைப்பு தருகிறது. ஆங்கில மன்னனை எதிர்த்துப் போராடியவர்கள் எழுதியது அது. அரசனைக் கொடுங்கோலன் என்று ஏசியவர்கள் எழுதிய உரிமை, ஏசாதோர்க்கு மட்டும் உரியதாக இருத்தல் இயலாது என்பது தீர்ப்பில் ஓடும் தருக்கம்.

அச்சொல் அழகான சொல் அன்று. பொருத்தமான சொல்லும் அன்று. ஒரு சிற்றூர்த் தலைவரை அப்படி அழைப்பது அச்சொல்லால் உண்மையில் நசுக்கப்பட்டோரைச் சிறுமைப்படுத்துவதும் ஆகும். ஆயினும் அது பேசியவரின் சுவைக்குறை. விதியின் வேலை அன்று. இதே கருத்தை 2021இல் ஓஹையோ மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்றின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு வகையில் சொன்னது. வசைபாடுதல், தனிப்பட்ட தாக்கு, பகைமை தொனித்தல் ஆகியவற்றை அவ்வாரியம் தடை செய்திருந்தது. புண்படுத்துகிறது என்பதற்காகத் தடுப்பது கருத்தைப் பார்த்துத் தடுப்பதே என்றது நீதிமன்றம். வாரியத்தைப் புகழும் பேச்சு எவரையும் புண்படுத்துவதில்லை. ஆகவே பண்பு விதி எப்பொழுதும் ஒரு பக்கத்தையே வெட்டும். அங்கதம் எழுதுவோர் நிறைந்த இவ்வரங்கில் இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அப்படியாயின் தலைவர் கையில் ஒன்றுமே இல்லையா? உண்டு. கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகர மன்றத்தில் 2002இல் ஒருவர், தலைவரின் செயல் பிடிக்காமல், வாய் திறவாது நாசி வணக்கம் ஒன்று செய்தார். நொடிப்பொழுதுச் செய்கை. வெளியேற்றப்பட்டார். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவமர்வு இட்ட கோடு தெளிவானது: கூட்டம் உண்மையாகவே குலைந்தால் வெளியேற்றலாம், குலைந்ததாகப் பாவித்து வெளியேற்றலாகாது. நேரம் கடந்தும் இறங்க மறுத்தல், பொருளை விட்டு விலகி ஓடுதல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதல், பிறர் பேசுகையில் கூச்சலிடுதல் இவை கூட்டத்தைக் குலைப்பன, தலைவர் தடுக்கலாம். மானூர்க் கல்லின் 'அன்று, அன்று' இவ்வினத்தைச் சேர்ந்தது. கேட்டவர் மனம் கசத்தல் இவ்வினத்தைச் சேர்ந்தது அன்று.

வாரியத்தாரின் துன்பத்தையும் சொல்லாமல் விடுதல் முறையாகாது. 2021இல் நோய்த்தொற்றுக் காலத்து முகக்கவசம் பற்றியும் பாடத்திட்டம் பற்றியும் அமெரிக்கப் பள்ளி வாரியக் கூட்டங்களில் எழுந்த பூசல் நாடறிந்தது. ஊதியம் பெறாமலோ மிகச் சிறு தொகை பெற்றோ ஊர்ப்பணி செய்யும் உறுப்பினர்கள் மிரட்டலுக்கு ஆளாயினர். வீட்டிலிருந்தே தொலைபேசியிலும் கணினியிலும் பேச அந்நாளில் தந்த வசதி முதியோர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் பெருநன்மை செய்தது. ஆனால் 2023இல் முகம் காட்டாத சிலர் அவ்வழியே புகுந்து இனவெறி வசைகளைக் கொட்டினர்; கலிஃபோர்னிய மன்றங்கள் சில அவ்வாயிலை மூடிவிட்டன. மூடியதில் வசையாளர்க்கு இழப்பு ஏதும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தவர்தாம் மீண்டும் படிக்கட்டு முன் நின்றார்.

இவ்வளவு விதியும் வழக்கும் தந்தது பேச்சு, கேட்பு அன்று. கலிஃபோர்னியச் சட்டமே நிரலில் இல்லாத பொருள்மேல் வாரியத்தார் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ தடை விதிக்கிறது. சுருக்கமாக விடை சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அலுவலரிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவே. அறிவிப்பின்றிப் பிற ஊரார் அறியாமல் முடிவெடுத்துவிடக் கூடாது என்னும் நல்ல நோக்கத்தில் எழுந்த தடை அது. ஆயினும் மூன்று நிமிடம் நெஞ்சுருகப் பேசி முடித்தவர் முன் ஏழு முகங்கள் வாய் திறவாது இருப்பதும், செயலர் அடுத்த பெயரை அழைப்பதும் ஒரு கொடிய காட்சிதான். நார்மன் ராக்வெல் வரைந்து 1943இல் வார இதழில் வெளிவந்த 'பேச்சுச் சுதந்திரம்' என்னும் ஓவியத்தில், வெர்மாண்ட் மாநில ஊர்க்கூட்டத்தில் முரட்டுச் சட்டை அணிந்த உழைப்பாளி ஒருவர் தனியே எழுந்து நிற்கிறார். எரிந்துபோன பள்ளிக்குப் பதில் புதுப்பள்ளி கட்டுவதை எதிர்த்துத் தனியொருவராகப் பேசிய ஓர் அண்டை வீட்டார்தாம் அவ்வோவியத்துக்கு வித்து. அந்த ஓவியத்தின் உயிர் பேசுபவர் வாயில் இல்லை. பக்கத்தில் அமர்ந்து முகம் உயர்த்திப் பார்க்கும், கழுத்துப்பட்டை கட்டிய பெரியவர்களின் கண்களில் இருக்கிறது. அக்கண்களை விதி எழுதி வரவழைத்தல் இயலாது. விதியால் கூடுவது ஒன்றே: முடிவுக்கு முன் பேச்சை வைத்தல். முடிவு எடுக்கப்படாதவரை கேட்பவர்க்குக் கேட்பதில் ஒரு பயன் இருக்கிறது.

உறுப்பினர் அல்லாதார் எல்லோரும் ஒரு நிறையினரும் அல்லர். இதை ஐக்கிய நாடுகளின் சாசனம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பாதுகாப்பு அவையில் இடம்பெறாத நாடு ஒன்று, தன் நலன் சிறப்பாகப் பாதிக்கப்படுவதாக அவை கருதினால், வாக்கின்றி விவாதத்தில் கலந்துகொள்ளலாம் என்கிறது 31ஆம் விதி. விவாதிக்கப்படும் பூசலில் அந்நாடு ஒரு தரப்பாக இருந்தாலோ, அழைத்தே ஆகவேண்டும் என்கிறது 32ஆம் விதி. முன்னதில் அவையின் கருத்து, பின்னதில் கட்டளை. இந்திய அரசியலமைப்பின் 88ஆம் பிரிவு வேறொரு வகையைக் காட்டுகிறது. அட்டர்னி ஜெனரல் நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் பேசலாம், வாக்களிக்க முடியாது. அவர் பேசுவது அவைக்குத் தேவைப்படும் அறிவின் பொருட்டு. ஆக, தன் பொருட்டுப் பேசுபவர், பொதுவின் பொருட்டுப் பேசுபவர், அவையின் தேவைக்காக அழைக்கப்பட்டுப் பேசுபவர் எனப் புறத்தார் பல திறத்தர்.

இலக்கிய வட்டங்களில் இன்று நடப்பது இம்மூன்றனுள் மூன்றாவது மட்டுமே. புகழ்பெற்ற அறிஞர் ஊருக்கு வந்தால் செயற்குழுவில் நாற்காலி போடப்படுகிறது, தேநீர் வருகிறது, நேரக் கணக்குப் பார்ப்பதில்லை. தொகுதி திருப்பியனுப்பப்பட்ட கவிஞர் காரணம் கேட்க வந்தால், 'கூட்டம் நடக்கிறது' என்று வாயிலில் சொல்லப்படுகிறது. செயலர் நல்லவராயின் உள்ளே விடுகிறார். அன்று அவருக்கு மனம் சரியில்லையாயின் விடுவதில்லை. இவ்விருவருள் விதியின் துணை வேண்டுபவர் அறிஞர் அல்லர்.

தனியார் சங்கமாகிய வட்டத்திற்கு, கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் இல்லை. திறப்பதா என்பது உறுப்பினர் முடிவு. பரிசுக்குரியோரின் தகுதியை எடைபோடும் அமர்வு, ஒருவர்மேல் எழுந்த குற்றச்சாட்டை ஆராயும் அமர்வு, கடன் கொடுத்தோர் பட்டியல் படிக்கப்படும் அமர்வு இவை மூடியே இருக்கலாம். அமெரிக்க வாரியங்களும் பணியாளர் பற்றியும் வழக்குகள் பற்றியும் மூடிய அறையில் பேசச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் எவர்மேல் குற்றம் சொல்லப்பட்டதோ அவரை அழையாது முடிவெடுத்தல் 32ஆம் விதிக்கு மட்டும் மாறானது அன்று. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்பாத செயல். திறந்து வைக்கும் அமர்வுகளைப் பொறுத்தவரை எழுதவேண்டுவன சிலவே. நிகழ்ச்சி நிரல் முன்கூட்டித் தெரியவேண்டும். இல்லையேல் புறத்தார்க்கு வர நாள் தெரியாது. பேச்சு முடிவுக்கு முன் நிகழவேண்டும். நேரம் எல்லோர்க்கும் ஒன்றாக வேண்டும்; அறிஞர்க்கும் அதுவே. சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு வரியேனும் ஏறவேண்டும். விடை அன்றே சொல்ல இயலாதாயின் எந்த அமர்வில் சொல்லப்படும் என்பதைச் செயலர் கூறவேண்டும். வாக்கு இல்லை என்பதும் ஒளிவின்றி எழுதப்படவேண்டும். வந்தவர் பொய்யான நம்பிக்கையோடு திரும்பலாகாது.

எந்த நடையில் பேசவேண்டும் என்று எழுதாமல் விடுவதே நன்று. சான்பிரான்சிஸ்கோ நகரின் மேற்பார்வையாளர் மன்றத்தில் குடிமகன் ஒருவர் பல ஆண்டுகள் தம் முறை வரும்போதெல்லாம், மக்கள் நன்கறிந்த பாடல்களின் மெட்டில் நகரச் செய்திகளை இட்டுக்கட்டிப் பாடியே தம் கருத்தைச் சொல்லி வந்தார். பாட்டுப் பேச்சாகுமா என்று எவரும் அவரை மறிக்கவில்லை. மணி ஒலிக்கும் முன் முடிக்கவேண்டும் என்பதே அவர்க்கிருந்த யாப்பு. பாடி முடித்ததும் செயலர் அடுத்த பெயரை அழைப்பார்.